எதிரொலி வாங்கப் போகிறீர்களா?

பழைய கிட்டார் நாதத்தைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணிக்கு இரவு என்பதே கிடையாது. ஒரு பக்கம் சென்னைக்கும் திருச்சிக்கும் நெல்லைக்கும் புறப்படும் பஸ்கள். இன்னொரு பக்கம் மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும் பூ மார்க்கெட். மாடு விற்ற சந்தை போய்விட்டது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டியும் ஜனங்கள் வாயில் வருவது மாட்டுத்தாவணிதான்.

பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தச் சந்தடிக்கு நடுவே வேறொரு கூட்டமும் கண்ணில் படும். வேனின் கூரையில் ஒலிபெருக்கிப் பெட்டிகள், மடியில் கீபோர்டு, காலடியில் தபேலா. மேலூர், நத்தம், சிவகங்கை வட்டாரத்துத் திருவிழாக்களுக்குக் கச்சேரி செய்யப் போகும் மெல்லிசைக் குழுவினர் இவர்கள். அந்த வேனில் ஒரு ஆசனம் கிட்டார் வாசிப்பவருக்கு. முன்பெல்லாம் அந்த ஆசனத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். முழு வாத்திய இசையையும் முன்கூட்டியே பதிவு செய்த ‘ட்ராக்’ கிடைக்கும்போது, பாடகர் இருவர் போதாதா என்பதுதான் கேள்வி.

இதற்கு வாதாடிப் பயனில்லை. வாசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய பாட்டின் முகப்பு இசை கிட்டாரில் எழும்பும்போது, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தால் அந்த ஆசனம் தப்பியது. ஆனால் சுரம் சரியாக இருந்தும், விரல் சரியாக இருந்தும், ரிக்கார்டில் கேட்ட அந்தக் குழைவு வருவதில்லை. என்ன காரணம்? விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: “எக்கோ இல்லை.” உடனே எக்கோ வாங்கப் புறப்படுகிறார்கள். பல மாதச் சம்பாத்தியம் அதில் போகிறது. வாங்கி வந்த பிறகும் நாதம் வராமல், பெட்டி அலமாரியில் தூங்குவதும் உண்டு.

எக்கோவில் எத்தனை வகை, எந்த வகை எந்த நாதத்தைத் தரும் என்பது தெரியாமல் வாங்குவதால் வரும் வினை இது.

யானைமலை சொல்லும் பாடம்

எதிரொலி என்றால் என்ன? மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலையில் சிறிது தூரம் போனால் ஒத்தக்கடை. அங்கே படுத்திருக்கும் யானையைப் போல நிற்கிறது யானைமலை. நரசிங்கப் பெருமாளின் குடைவரைக் கோயிலும் சமணர் குகையும் உள்ள அதே மலைதான். சந்தடி அடங்கிய நேரத்தில் அந்தச் செங்குத்துப் பாறைக்கு எதிரே 60 மீட்டர் தள்ளி நின்று ஒரு முறை கை தட்டுவதாக வைத்துக்கொள்வோம். மதுரை வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பாறைக்குப் போய்த் திரும்ப 120 மீட்டர். ஆக, தட்டிய ஓசை வினாடியில் மூன்றில் ஒரு பங்கு கழித்துக் காதுக்குத் திரும்பி வரும்.

இருபது மீட்டருக்குள் நெருங்கி நின்றாலோ இரண்டு ஓசைகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் திரும்பும் ஒலியை மனிதக் காது தனியாகப் பிரித்துக் கேட்பது அரிது; ஓசை தடித்தது போலத்தான் தோன்றும். இந்தத் தூர வித்தியாசம்தான் எக்கோ சாஸ்திரத்தின் அஸ்திவாரம். குறுகிய இடைவெளி நாதத்துக்குச் சதை கொடுக்கிறது. நீண்ட இடைவெளி நாதத்துக்குத் துணை கொடுக்கிறது.

திருப்பி வரும் ஓசையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். தட்டியபோது இருந்த கூர்மை அதில் இருக்காது. வழியில் கூர்மை தேய்ந்து, கொஞ்சம் மங்கி, மெத்தென்று வந்து சேரும். எக்கோ யந்திரங்களைச் செய்தவர்கள் இந்த மங்கலைக் குறையாக நினைத்துத்தான் வெகுகாலம் அதனுடன் போராடினார்கள். இன்று பணம் கொடுத்து வாங்குவது அந்தக் குறையைத்தான்!

நாடாவில் பிறந்த நாதம்

மலையைத் தூக்கி மேடையில் வைக்க முடியாதல்லவா? ஆரம்பத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தார் காலி அறை ஒன்றில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து எதிரொலி செய்தார்கள். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. டேப்பில் ஒலியைப் பதிக்கும் தலை ஒன்று. படிக்கும் தலை ஒன்று. இரண்டுக்கும் நடுவே சிறிது தூரம். பதிந்த ஒலி அந்தத் தூரத்தைக் கடந்து படிக்கும் தலைக்கு வருவதற்குள் ஒரு கண நேரம் ஆகிறது. தலைகளுக்கு நடுவே 2 அங்குலம் இருந்து, டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால், எதிரொலி சுமார் 133 மில்லி வினாடியில் வரும். வேகத்தைப் பாதியாக்கினால் 267. ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் லெஸ் பால் என்ற கிட்டார் மேதை இந்த வித்தையை வைத்து விளையாடினார். மெம்பிஸ் நகரில் சன் ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திய சாம் பிலிப்ஸ், 1954-ல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ரிக்கார்டுகளைப் பதிவு செய்தார். ஒரே ஒரு முறை ‘சடக்’கென்று திரும்பும் குறுகிய எதிரொலி அந்தக் கூடத்தின் முத்திரையாயிற்று. அதை மேடைக்குக் கொண்டுபோக வழி? இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில் வாத்தியக் கடை வைத்திருந்த ரே பட்ஸ் என்பவர், ஆம்ப்ளிபயருக்குள்ளேயே டேப் யந்திரத்தைப் பொருத்தி ‘எக்கோசோனிக்’ என்று பெயரிட்டார். எல்விஸின் கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர் 1955-ல் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. இத்தாலியின் மிலான் நகரில் பின்சன், மெயாட்சி என்ற இரண்டு கம்பெனிகள் எதிரொலிப் பெட்டிகள் செய்தன. லண்டனில் சார்லி வாட்கின்ஸ் என்பவர், மரினோ மரீனி என்ற இத்தாலியப் பாடகர் இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சேர்த்து எதிரொலி செய்கிறார் என்று கேள்விப்பட்டார். “இதை ஒரே பெட்டிக்குள் அடக்கினால் என்ன?” என்று தோன்றியது. 1958-ல் பிறந்தது ‘காப்பிகேட்’. சிறிய வளையமாக ஒட்டிய டேப், மூன்று படிக்கும் தலைகள். வாலிபர்கள் வாங்கக்கூடிய விலை. கேட்பானேன்! இங்கிலாந்தின் வாத்தியக் குழுக்கள் அதை மொய்த்துக்கொண்டன.

பழைய கிட்டார் நாதம் என்று உலகம் முழுவதும் இன்றும் தேடப்படுவது, பெரும்பாலும் ஒரு வாலிபரின் விரலில் பிறந்தது. அவர் ‘ஷாடோஸ்’ குழுவின் ஹாங்க் மார்வின். 1959-ல் பாடகர் கிளிப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றை அவருக்காகத் தருவித்தார். வாக்ஸ் கம்பெனி ஆம்ப்ளிபயர் அமைந்தது. மூன்றாவதாக வந்து சேர்ந்ததுதான் மெயாட்சி எக்கோ பெட்டி. அது ஜோ பிரவுன் என்ற மற்றொரு கிட்டார் கலைஞரிடம் இருந்தது. அவருக்கு அது ஒத்துவரவில்லை, மார்வினிடம் கைமாறிற்று. 1960-ல், பதினெட்டு வயது மார்வின் அந்தப் பெட்டியுடன் ‘அப்பாச்சி’ என்ற வாத்திய இசையைப் பதிவு செய்தார். பாட்டே இல்லாத அந்த ரிக்கார்டு இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது.

பெட்டி ஒன்றுதான். ஒருவர் கையில் அது உபயோகமற்ற சாமான். இன்னொருவர் கையில் சரித்திரம். கடைக்குப் புறப்படுமுன் இந்த ஒரு சங்கதியை மனத்தில் முடிந்துகொள்வது நல்லது.

கொழும்பு வழியாக மதுரைக்கு

இந்த நாதம் தென்பாண்டிச் சீமைக்கு எப்படி வந்தது? 1952-ல் மத்திய மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். ஜனங்கள் ரேடியோவின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். ரேடியோ சிலோன் சினிமாப் பாட்டை மட்டுமா தந்தது? ஆங்கில ஒலிபரப்பில் மேல்நாட்டு இசையும் கடல் கடந்து வந்தது. தமிழ் சினிமா சங்கீதமும் சும்மா இருக்கவில்லை. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் கிட்டாரையும் டுவிஸ்ட் தாளத்தையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைபுரத்திலிருந்து பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஊர் ஊராகக் கச்சேரி செய்து வந்தார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். சலீல் சௌத்ரி முதலியவர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ மூலம் இசையமைப்பாளர் ஆனார். அவர்தான் இளையராஜா. கிட்டாரிலேயே சிந்திக்கத் தெரிந்த இசையமைப்பாளர் கிடைத்தபின் கிட்டார் சினிமாவில் பக்கவாத்தியமாக மட்டும் இருக்கவில்லை, ராஜபாட்டையில் நடந்தது. ‘மூடுபனி’ (1980) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டையும், ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் நிலாப் பாட்டையும் கேட்காமல் இன்றைக்கும் மதுரைச் சீமையில் மெல்லிசைக் கச்சேரி முடிவதில்லை.

ஆகவே ‘பழைய கிட்டார் நாதம்’ என்று சொல்லும்போது, அது ஒன்றல்ல, மூன்று. எல்விஸ் காலத்துச் சடக்கென்ற ஒற்றை எதிரொலி; மார்வின் காலத்துத் துள்ளும் பல எதிரொலி; பிற்காலத்து அகன்ற, கனவு போன்ற எதிரொலி. எது வேண்டும் என்று தீர்மானிக்காமல் வாங்கினால், தலைவலிக்குக் கண்மருந்து வாங்கிய கதைதான்.

நான்கு ஜாதிக் கருவிகள்

சந்தையில் உள்ள கருவிகளை நான்கு ஜாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது, டேப் யந்திரம். காப்பிகேட் இந்த ஜாதி. 1959-ல் அமெரிக்காவில் வந்த ‘எக்கோபிளெக்ஸ்’ இந்த ஜாதி. இதில் தலையையே கையால் நகர்த்தி நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 1974-ல் ஜப்பானிய ரோலண்டு கம்பெனி கொண்டுவந்த ‘ஸ்பேஸ் எக்கோ ஆர்.இ.-201’ இந்த ஜாதியின் மகாராஜா. மூன்று படிக்கும் தலைகள், ஸ்பிரிங் வைத்த முழக்கம், பன்னிரண்டு நிலைகள் உள்ள ஒரு திருகு. டேப் ஒரே சீராக ஓடாது, கடுகளவு தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தால் திரும்பும் ஓசை லேசாக அசைகிறது. ஒவ்வொரு முறை மறுபடி பதியும்போதும் கூர்மை தேய்கிறது. யானைமலையின் மங்கல் இங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, உருளை யந்திரம். பின்சன் எக்கோரெக் இதற்கு உதாரணம். டேப்புக்குப் பதிலாகக் காந்தக் கம்பி சுற்றிய சக்கரம் சுழலும். அதைச் சுற்றி நான்கு படிக்கும் தலைகள் சம தூரத்தில் நிற்கும். எதிரொலிகள் சுமார் 75, 150, 225, 300 மில்லி வினாடிகளில் வரும். எந்தத் தலையைத் திறப்பது, எதை மூடுவது என்பதைப் பொறுத்துத் தாளமே மாறும். ‘பிங்க் பிளாய்டு’ குழுவினர் 1971-ல் ‘மெடில்’ என்ற இசைத்தட்டின் முதல் உருப்படியில் பேஸ் கிட்டாரை இதன் வழியே செலுத்திக் குதிரைப் பாய்ச்சல் போன்ற ஓட்டத்தை உண்டாக்கினார்கள்.

மூன்றாவது, வாளி வரிசை. 1969-ல் ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த சில்லு இது. கட்டட வேலையில் சாந்துச்சட்டி கைக்குக் கை மாறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல மின்சாரத் துளி ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு மாறிக்கொண்டே போகிறது. பெரிய சில்லுகளில் 4,096 கண்ணிகள். கடைசிக் கைக்கு வரும்போது நேரம் ஆகிவிடுகிறது. வழியில் கொஞ்சம் சிந்தியும் விடுகிறது! அதனால் நாதம் மங்கி, இதமாக வருகிறது. 1981-ல் வந்த ‘பாஸ் டி.எம்.-2’ என்ற காலால் மிதிக்கும் பெடல் இவ்வகை. அதன் உச்ச நேரம் 300 மில்லி வினாடி. டேப் இல்லை, மோட்டார் இல்லை. உள்ளங்கை அகலப் பெட்டி.

நான்காவது, எண் முறை. ஒலியை எண்ணாக்கி ஞாபகத்தில் வைத்துத் திருப்பிக் கொடுப்பது. 1983-ல் ‘பாஸ் டி.டி.-2’ இதைப் பெடலுக்குள் அடக்கி 800 மில்லி வினாடி வரை கொடுத்தது. ஆனால் வந்தது என்ன? கொடுத்ததை அச்சுப் பிசகாமல் திருப்பியது. கண்ணாடி போன்ற சுத்தம். பழைய நாதத்தைத் தேடியவர்களுக்கு அந்தச் சுத்தமே சங்கடமாயிற்று. பின்னாளில் யந்திரக்காரர்கள் உஷாரானார்கள். தள்ளாட்டத்தையும் மங்கலையும் எண்ணாலேயே செய்து காட்டலானார்கள். 2010-ல் வந்த ‘ஸ்டிரைமன் எல் காப்பிஸ்தான்’, 2022-ல் ரோலண்டு குடும்பத்தார் தங்கள் பழைய ஸ்பேஸ் எக்கோவையே பெடலாக்கித் தந்த ‘ஆர்.இ.-202’, ‘ஆர்.இ.-2’ எல்லாம் இந்த ரகம்.

பெயரைப் பார்க்காதீர்கள், தலையை எண்ணுங்கள்

எதை வாங்குவது? பழைய ரிக்கார்டை ஒரு முறை நிதானமாகக் கேட்பதுதான் முதல் வேலை. கிட்டார் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு ஓய்கிறதே, அந்த ஓய்வில் எத்தனை எதிரொலி கேட்கிறது? அவை சம இடைவெளியில் வருகின்றனவா, குதித்துக் குதித்து வருகின்றனவா?

ஒரே எதிரொலி, அதுவும் உடனே என்றால் அது சன் கூடத்து நாதம். இதற்கு விலை உயர்ந்த யந்திரம் வேண்டியதே இல்லை. வாளி வரிசைப் பெடலோ, சாதாரண எண் முறைப் பெடலோ போதும். நேரத்தை 100 முதல் 140 மில்லி வினாடிக்குள் வைத்து, ‘ரிப்பீட்’ திருகை அடியோடு குறைத்துவிட வேண்டும்.

சம இடைவெளியில் இரண்டு மூன்று எதிரொலி தேய்ந்துகொண்டே போனால், அது ஒற்றைத் தலை யந்திரத்தின் லட்சணம். 250 முதல் 350 மில்லி வினாடிக்குள் தேடினால் அகப்படும். இதற்கும் ஒரு பெடல் போதும். ஆனால் ஓசையை மங்கச் செய்யும் திருகோ, ‘டேப்’ என்ற நிலையோ அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதிரொலிகள் ஒன்றுக்கொன்று பின்னி, மேளத்தின் தனி ஆவர்த்தனம் போலத் துள்ளினால், அது பல தலை யந்திரம். மார்வினின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. ஒற்றைத் தலைப் பெடல் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தத் துள்ளலைத் தராது. அநேகர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நாதம் வரவில்லை என்று கிட்டாரை மாற்றுவார்கள், தந்தியை மாற்றுவார்கள், ஆம்ப்ளிபயரை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது தலைகளின் எண்ணிக்கையை! வாங்கும்போது, “இதில் எத்தனை தலை? தனித்தனியாகத் திறந்து மூடலாமா?” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் பாதிச் செலவு மிச்சம்.

அடுத்தது தாளக் கணக்கு. பாட்டு நிமிஷத்துக்கு 120 அடி ஓடினால் ஓர் அடிக்கு 500 மில்லி வினாடி. எதிரொலியை 250-ல் வைத்தால் அது தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். 375-ல் வைத்தால் தாளத்தின் இடுக்கில் புகுந்து துள்ளும். இரண்டும் இல்லாமல் 310-ல் வைத்தால் தபேலாக்காரரோடு சண்டை வரும்! 60,000-ஐ அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கணக்கு முடிந்தது. காலால் தட்டியே நேரத்தை அமைக்கும் வசதி சில பெடல்களில் உண்டு. மேடையில் தாளம் ஏறி இறங்கும் மெல்லிசைக் குழுவுக்கு அந்த வசதி அலங்காரமல்ல, அவசியம்.

மூன்றாவது, அளவு. எதிரொலி மூலத்தைவிட எப்போதும் தணிந்திருக்க வேண்டும். நெய் மணக்க வேண்டும். சோறு மிதக்கக் கூடாது. விரல்களால் ஒவ்வொரு தந்தியாக மீட்டும் சினிமாப் பாட்டுக்களில் எக்கோவைக் கூட்டினால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகிவிடும். ஒற்றைத் தந்தியில் ஓடும் மெட்டுக்குத்தான் அது மகுடம்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். அந்நாளில் கிட்டாரிலிருந்து வரும் வயர் நேராக எக்கோ பெட்டிக்குள் போகும். அதன் பின்பே ஆம்ப்ளிபயர். அந்தப் பெட்டியின் உள்ளே இருந்த வால்வுகளும் நாதத்துக்கு ஒரு நிறம் தந்தன. எதிரொலியை மூடிவிட்டு, அந்த நிறத்துக்காகவே எக்கோபிளெக்ஸை வைத்துக்கொண்டவர்கள் உண்டு! இன்றைய வாசிப்பில் ஓசையைக் கரகரப்பாக்கும் பெடல் இருந்தால், அது முன்னால்; எக்கோ பின்னால். மாற்றி இணைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து கரகரத்து, கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வார்.

திருவிழா மேடையின் சோதனைகள்

“அசல் டேப் யந்திரமே வாங்கிவிட்டால் என்ன?” என்ற ஆசை யாருக்கும் எழும். வீட்டில் வைத்து ரசிக்க அதைப் போன்ற அழகு வேறில்லை. ஆனால் மாட்டுத்தாவணியில் வேன் ஏறி, புழுதிச் சாலையில் போய், பொட்டலில் மேடை போட்டு வாசிக்கிறவருக்கு அது யானை வளர்ப்பு. ஓடும் டேப்பின் காந்தப் பூச்சு உதிர்ந்து தலையில் அப்பிக்கொள்ளும். அடிக்கடி ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். டேப் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் உருளை வெயிலுக்கு இறுகிவிடும். புழுதியோ சொல்ல வேண்டாம். மெயின்ஸ் மின்சாரத்தில் நேராக ஓடும் பழைய மோட்டார் என்றால் இன்னொரு தொல்லை: ஜெனரேட்டரின் சுழற்சி குறையும்போது டேப்பின் வேகமும் குறையும், எதிரொலியின் சுருதி இறங்கும். பாடகர் ஒரு சுருதி, எக்கோ ஒரு சுருதி!

அமெரிக்காவுக்காகச் செய்த யந்திரங்கள் 117 வோல்ட் மின்சாரத்துக்கானவை. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எதிரொலி வராது, புகை வரும். உதிரிப் பாகம் கிடைக்குமா, பழுது பார்க்கக் கை தெரிந்தவர் உண்டா என்று விசாரிக்காமல் பழைய யந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பது விவேகமல்ல.

பெடலுக்கும் ஒரு பத்தியம் உண்டு. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. அதன் நடு முள் நெகடிவ். வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு அடாப்டரைச் சொருகிப் பெடலை இழந்தவர் ஏராளம். எண் முறைப் பெடல்கள் மின்சாரத்தை அதிகம் குடிக்கும். அடாப்டரின் மில்லி ஆம்பியர் கணக்கையும் பார்த்து வாங்க வேண்டும்.

திருவிழா மேடையில் மட்டுமே வரும் சோதனை ஒன்று உண்டு. எந்தப் பெடலோடு வரும் விளக்கப் புத்தகத்திலும் அதைத் தேடிக் காண முடியாது. கோயில் வாசலில் மேடை. தெரு நெடுக ஒலிபெருக்கிப் பெட்டிகள். நூறு மீட்டர் தள்ளியுள்ள பெட்டியிலிருந்து ஒலி மேடைப் பக்கம் வந்து சேர 280 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. அதாவது, பெடல் இல்லாமலே தெரு ஓர் எதிரொலி போட்டுக்கொண்டிருக்கிறது! அதன்மேல் 300 மில்லி வினாடிப் பெடல் எக்கோவைச் சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அறைக்குள் ஒத்திகையில் தேன் போல இருந்த நாதம் மேடையில் கூழாவது இதனால்தான். இதற்கு மருந்து, கச்சேரிக்கு முன் மேடையிலிருந்து ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது. தெரு தரும் எதிரொலி பலமாக இருந்தால் பெடலின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சுவர் அடைத்த கல்யாண மண்டபம் என்றால் இன்னும் குறைக்க வேண்டும். திறந்த வயல்வெளி மேடையில்தான் பெடலுக்கு முழு வேலை.

இன்னொன்று. மிக்சர் இயக்குகிறவர் தம் பங்குக்குப் பாடகருக்கென்று ஓர் எக்கோ போட்டிருப்பார். கிட்டாருக்கும் அதையே கலந்துவிட்டால் எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். “கிட்டார் வரிசையில் எக்கோ வேண்டாம், அண்ணே” என்று கச்சேரிக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெடலைக் காப்பாற்றும்.

கடைக்குப் போகும்போது

கடையில் உள்ள பளபளப்பான கிட்டாரில் பெடலை வாசித்துப் பார்ப்பதில் பயனில்லை. சொந்தக் கிட்டாரையே எடுத்துப் போக வேண்டும். வேகமாக வாசித்து வித்தை காட்டினாலும் எக்கோவின் குணம் தெரியாது. மேடையில் வாசிக்க வேண்டிய அந்த ஒரு பாட்டின் முகப்பை, நிதானமாக, முதலில் எக்கோ இல்லாமல் வாசிக்க வேண்டும். அதிலேயே நாதம் மெலிந்திருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது. எதிரொலி அதைத் தீர்க்காது, இரண்டு மடங்காக்கிக் காட்டும். பிறகு ஒரு சுரத்தை மட்டும் மீட்டி, தந்தியை உள்ளங்கையால் அமுக்கி, திரும்பும் ஓசையை மட்டும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்குகிறதா? லேசாக அசைகிறதா? அல்லது கண்ணாடிச் சில்லு போலக் குத்துகிறதா? பெடலின் ஜாதகம் அந்தச் சில வினாடிகளில் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது கடையில் கிடைக்காது. மார்வினின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டால், அவர் எதிரொலிக்கு இடம் விட்டு வாசிப்பது புலப்படும். ஒரு சொற்றொடரை முடித்து நிறுத்துகிறார்; பெட்டி பதில் சொல்கிறது; அதன்பிறகே அடுத்ததை எடுக்கிறார். நாட்டுப்புறப் பாட்டில் முன்பாட்டுக்காரர் விட்ட இடத்தில் பின்பாட்டு எடுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. இடம் விடாமல் வாசிக்கிறவருக்கு எந்த யந்திரமும் பின்பாட்டுப் பாடாது.

பதிவு செய்த ட்ராக்குக்கும் உயிருள்ள கிட்டாருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. கூட்டம் கைதட்டினால் ட்ராக் நிற்காது; தன் போக்கில் ஓடும். தெருவின் நீளம் அதற்குத் தெரியாது. மண்டபத்தின் சுவர் தெரியாது. கிட்டார் கலைஞருக்கு எல்லாம் தெரியும். அன்றைய மேடைக்கு ஏற்ற எதிரொலியை அன்றைக்கே அளந்து வைக்க அவரால் முடியும். அப்படி அளக்கத் தெரிந்தவருக்குச் சாதாரணப் பெடலும் போதும். அது தெரியாதவரிடம் மிலானிலிருந்து அசல் பெட்டியே வந்து இறங்கினாலும், ஜோ பிரவுனிடம் இருந்தது போலச் சும்மாதான் இருக்கும்.